கரண்ட் பில்லுக்கு விலை வைப்பது யார்?



போகிற குழுக்கூட்டங்களில் எல்லாம் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தோம். யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று கரண்டுக்கு விலை வைப்பது யார்? "மந்திரிதான், வேற யாரு?" என்றார்கள் பாதிப்பேர். "இ.பி. ஆபீஸ்ல இருக்கிற பெரிய இன்ஜினீயர்" என்றார்கள் சிலர். "ரீடிங் எடுக்க வர்ற தம்பிதான் எழுதிட்டுப் போறாரு" என்று ஒரு பாட்டி சொன்னதும் கூட்டமே சிரித்தது. இந்த மூன்றுமே சரியான பதில் இல்லை.

விலை வைப்பதற்கென்றே சென்னை கிண்டியில் ஒரு ஆணையம் இருக்கிறது. அதன் பெயர் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். இதை அறிந்தவர்கள் நம் குழுக்களில் ரொம்பக் குறைவு. சேமிப்புக்கு எத்தனை பைசா வட்டி, வங்கிக் கடனுக்கு எத்தனை சதவீதம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுகிற நாம், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் கட்டுகிற இந்தப் பணத்தின் கணக்கை மட்டும் கேட்டதே இல்லை. கரண்ட் பில் கட்டுகிற வாரத்தில் தவணை தள்ளிப்போகிறது என்பது எல்லா ஊக்குநர்களுக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறோம்.

எதற்கு ஒரு ஆணையம்?

தக்காளி இந்தக் கடையில் விலை கூட இருந்தால் அடுத்த கடைக்குப் போகிறோம். அங்கேயும் கூட இருந்தால் அன்றைக்குப் புளியை வைத்தே குழம்பை முடித்துவிடுகிறோம். கரண்டுக்கு அப்படி முடியாது. தெருவில் நிற்பது ஒரே போஸ்ட்மரம், வருவது ஒரே கம்பி. இன்னொரு கம்பெனிக்காரர் வந்து பக்கத்திலேயே இன்னொரு போஸ்ட் நட்டு, இன்னொரு கம்பி இழுப்பது வீண் செலவு. ஆக, விற்கிறவர் ஒருவர்தான். வாங்குகிறவர்கள் நாம் அத்தனை பேரும். விற்கிறவர் ஒருவராக இருக்கும்போது அவர் சொன்னதே விலை, அவர் செய்வதே சேவை என்று ஆகிவிடும். அப்படி ஆகாமல் இருக்க நடுவில் ஒரு ஆள் வேண்டும். விற்கிறவர் நஷ்டத்தில் விழுந்து கம்பியே அறுந்துபோகவும் கூடாது, வாங்குகிறவர் தலையில் அநியாய விலை விழவும் கூடாது. இரண்டு பக்கமும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதுதான் அந்த நடு ஆளின் வேலை.

முன்னே இப்படி நடு ஆள் கிடையாது. 1957-ல் தமிழ்நாடு மின்சார வாரியம் ஆரம்பித்தது. வாரியமும் அரசும் பேசி விலை வைத்தார்கள். தேர்தல் வந்தால் விலை ஏறாது, தேர்தல் முடிந்தால் ஏறும். 1998-ல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி 1999-ல் நம் மாநிலத்தில் ஆணையம் அமைந்தது. ஒரு தலைவர், இரண்டு உறுப்பினர்கள். அது போட்ட முதல் கட்டண ஆணை 2003 மார்ச்சில் வந்தது. அதே 2003-ல் மின்சாரச் சட்டம் என்று பெரிய சட்டம் ஒன்று வந்து, ஆணையத்துக்கு இன்னும் பலம் கொடுத்தது. இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்லுகிற உரிமைகள் முக்கால்வாசி அந்தச் சட்டத்தில் இருப்பவைதான்.

வாரியம் 2010 நவம்பரில் பிரிந்து கம்பெனிகளாக ஆனது. 2024-ல் மறுபடியும் பிரித்தார்கள். இப்போது நம் வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். நம் வாயில் அது இன்னும் "இ.பி."தான், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒன்றை மட்டும் மனதில் வைக்கவேண்டும். இ.பி. வேறு, ஆணையம் வேறு. இ.பி. விற்கிறவர். ஆணையம் விலை வைக்கிறவர்.

விலை ஏறுவது எப்படி?

விலையை ஏற்ற வேண்டுமென்றால் இ.பி. தானாக ஏற்றிக்கொள்ள முடியாது. எங்களுக்கு இவ்வளவு செலவு, இவ்வளவு வரவு, இவ்வளவு பற்றாக்குறை, ஆகவே இப்படி ஏற்றித் தாருங்கள் என்று ஆணையத்திடம் மனுப் போடவேண்டும். அந்த மனுவின் சுருக்கத்தைப் பேப்பரில் விளம்பரமாகப் போடவேண்டும். படித்துவிட்டு யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை எழுதலாம். வந்த ஆட்சேபணைகளை எல்லாம் பார்த்த பிறகுதான், மனு கிடைத்த 120 நாட்களுக்குள் ஆணையம் முடிவு சொல்லவேண்டும். இது 2003 சட்டத்தின் 64-ஆவது பிரிவு. "யார் வேண்டுமானாலும்" என்பதை அழுத்திச் சொல்லுகிறோம். படித்தவர், பட்டணத்துக்காரர், வக்கீல் என்று சட்டத்தில் இல்லை.

2022-ல் இது நம் கண்முன்னே நடந்தது. ஜூலையில் மனுப் போட்டார்கள். ஆகஸ்ட் மாதம் கோயம்புத்தூர், மதுரை, சென்னை என்று மூன்று ஊர்களில் ஆணையம் உட்கார்ந்து பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. செப்டம்பர் 10-ஆம் தேதியிலிருந்து புது விலை வந்தது. அதில் 500 யூனிட் ஓட்டுகிற ஒரு வீட்டுக்கு, முன்னே 1130 ரூபாயாக இருந்த இரண்டு மாத பில் 1725 ரூபாய் ஆனது. 595 ரூபாய் கூட. அது பல உறுப்பினர்களின் மாதச் சேமிப்பைவிடப் பெரிய தொகை. அந்த மூன்று கூட்டங்களுக்கும் மகளிர் குழுக்கள் அணி அணியாகப் போயிருக்கவேண்டும். தொழிற்சாலைக்காரர்கள் கணக்குப் புத்தகத்தோடு போய் வாதாடத் தெரிந்தவர்கள், அவர்களுக்குச் சங்கமும் இருக்கிறது, வக்கீலும் இருக்கிறார். நமக்கும் சங்கம் இருக்கிறதே? கூட்டமைப்பு என்பது பின்னே என்னவாம்!

அந்த ஆணையில் இன்னொரு விஷயமும் இருந்தது. அதைப் பேசியவர்கள் குறைவு. ஒரே தடவை ஏற்றியதோடு நிற்கவில்லை. 2026-27 வரைக்கும் வருஷா வருஷம் ஜூலை மாதம் விலைவாசி ஏறுகிற அளவுக்கு, அதிகபட்சம் 6 சதவீதம் வரை, கரண்ட் விலையும் ஏறும் என்று எழுதிவிட்டார்கள். அதன்படி 2023 ஜூலையில் 2.18 சதவீதம், 2024 ஜூலையில் 4.83 சதவீதம், 2025 ஜூலையில் 3.16 சதவீதம் ஏறியது. 2023-லும் 2025-லும் வீட்டு இணைப்புக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது. 2024-ல் வீட்டுக்காரர்கள் தலையிலும் விழுந்தது. "இந்த வருஷமும் ஏத்திட்டாங்களே, நம்மள ஒரு வார்த்தை கேக்கலையே" என்று பலர் எங்களிடம் கேட்டார்கள். கேட்டது 2022 ஆகஸ்டில், தோழிகளே. நாம் பேசாத அன்றைக்கே அடுத்த நாலு வருஷத்துக்கும் சேர்த்து முடிவாகிவிட்டது.

இலவசம் என்பதும் இலவசம் இல்லை

2016 மே 23 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. விவசாயப் பம்புசெட்டுக்கு 1990 முதல் இலவசம். இதெல்லாம் ஆணையம் கொடுத்தது அல்ல, அரசு கொடுத்தது. ஆணையம் அந்த யூனிட்டுகளுக்கும் ஒரு விலை வைக்கிறது. யாருக்காவது குறைக்க வேண்டுமென்று அரசு நினைத்தால், அந்தப் பணத்தை அரசு முன்கூட்டியே இ.பி.க்குக் கட்டிவிட வேண்டும் என்பது சட்டம் (65-ஆவது பிரிவு). கட்டவில்லை என்றால் ஆணையம் வைத்த முழு விலைதான் செல்லும். ஆகவே இலவச யூனிட்டுக்கும் ஒருவர் பணம் கட்டுகிறார். அது வரிப்பணம், நாம் தீப்பெட்டி வாங்கும்போதும் கட்டுகிற பணம்தான். யாரும் நமக்குத் தானம் செய்யவில்லை என்பதற்காகச் சொல்லுகிறோம்.

இந்த இடத்தில் படிக்கட்டுக் கணக்கு ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 2022 செப்டம்பர் ஆணையையே எடுத்துக்கொள்வோம். 500 யூனிட்டுக்குள் ஓட்டினால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.25 ரூபாய், அதற்கு அடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6 ரூபாய். கூட்டினால் 1725 வரும். இதுவே 501 யூனிட் ஓடிவிட்டால் அந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடும். 101-லிருந்து 400 வரைக்கும் 4.50, அப்புறம் 100-க்கு 6, அந்தக் கடைசி ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 1958. ஒரே ஒரு யூனிட் கூடினதுக்கு 233 ரூபாய்! விலை அப்புறம் மாறியிருந்தாலும், படிக்கட்டுக்கு ஏற்ப விலை மாறுகிற முறை இதுதான். ரீடிங் எடுப்பதற்குப் பத்து நாள் முன்னாடியே மீட்டரை ஒரு தடவை பார்த்துக்கொள்கிற பழக்கம் நல்லது. அதேபோல ரீடிங் எடுக்க வேண்டியவர் நாள் தள்ளி வந்தாலும் யூனிட் கூடி அடுத்த படிக்கு ஏறிவிடும். போன தடவை எந்தத் தேதி, இந்தத் தடவை எந்தத் தேதி என்று அட்டையில் பாருங்கள். எஸ்.எம்.எஸ். வருகிற காலத்திலும் தேதியையும் ரீடிங்கையும் அட்டையில் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கடன் புத்தகத்தில் வரவு வைக்காமல் பணம் கொடுப்போமா? அதைப்போலத்தான் இதுவும்.

வீட்டில் தொழில் செய்கிறவர்கள் கவனத்துக்கு

இது நம் உறுப்பினர்களுக்கு ரொம்ப முக்கியம். கடன் வாங்கி ஒருவர் வீட்டு முன்னறையில் நாலு தையல் மிஷின் போடுகிறார். இன்னொருவர் பெரிய கிரைண்டர் வாங்கி மாவு அரைத்து விற்கிறார். இன்னொருவர் திண்ணையில் பெட்டிக்கடை வைத்து ஃபிரிட்ஜ் போடுகிறார். கரண்ட் வீட்டு இணைப்பிலிருந்துதான் போகிறது. ஒருநாள் பறக்கும் படை வந்து பார்த்துவிட்டு, வீட்டு இணைப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்தினதாக எழுதிவிட்டுப் போகும். அப்புறம் ஆயிரக்கணக்கில் ஒரு நோட்டீஸ் வரும். கை கால் நடுங்கிப்போகும்.

வீட்டு விலை, கடை விலை, தொழில் விலை என்று ஆணையம் தனித்தனியாக விலை வைத்திருக்கிறது. ஒன்றுக்கு வாங்கிய இணைப்பை இன்னொன்றுக்குப் பயன்படுத்துவது சட்டத்தின் 126-ஆவது பிரிவில் வருகிறது. எப்போதிருந்து அப்படிப் பயன்படுத்தினோம் என்று தெரிந்தால் அந்தக் காலம் முழுக்க, தெரியாவிட்டால் சோதனைக்கு முந்திய 12 மாதத்துக்கு, பொருத்தமான விலையைப்போல இரண்டு மடங்கு போடுவார்கள். ஆனால் முதலில் வருவது தற்காலிகக் கணக்குதான். அதை ஆட்சேபித்து எழுத உரிமை உண்டு. நேரில் பேசவும் வாய்ப்புத் தரவேண்டும். "இந்த மிஷின் வந்தே நாலு மாசம்தான் ஆகுது, இதோ குழுக் கடன் வாங்கின தேதி, இதோ மிஷின் வாங்கின பில்" என்று காட்டினால் 12 மாதக் கணக்கு நாலு மாதக் கணக்காகக் குறையும். நம் குழுவின் கடன் பதிவேடு இங்கே சாட்சியாக வந்து நிற்கும் பாருங்கள்! இறுதி உத்தரவிலும் திருப்தி இல்லையென்றால் 30 நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அதற்குப் பாதிப்பணத்தை முன்னாடியே கட்டவேண்டும்.

அந்த அளவுக்குப் போகாமல் இருப்பதற்கு வழி இருக்கிறது. குடிசைத் தொழில், குறுந்தொழில் என்று ஆணையம் தனி விலை வைத்திருக்கிறது. அது கடை விலையைவிடக் குறைவு. தொழில் கடன் வாங்கும் அன்றைக்கே, பிரிவு அலுவலகத்தில் இருக்கிற உதவிப் பொறியாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். என்ன மிஷின், எத்தனை மிஷின், எந்த அறை என்று எழுதி, எனக்கு எந்த விலை பொருந்தும் என்று கேளுங்கள். நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். தொழில் பதிவுச் சான்று இருந்தால் ஒரு நகல் இணையுங்கள். வாயால் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்று வாயாலேயே பதில் வரும். அந்தப் பதில் பறக்கும் படை முன்னால் நிற்காது.

கொக்கி போட்டு இழுப்பது வேறு கதை. அது திருட்டு, 135-ஆவது பிரிவு, சிறைத் தண்டனை வரைக்கும் போகும். திருவிழாவுக்கு ஒருநாள் என்றாலும் அதேதான். தற்காலிக இணைப்பு என்று கேட்டால் கொடுக்கிறார்கள்.

பில் தப்பாக வந்தால்

மூன்று விஷயம் தெரிந்திருந்தால் பயம் போய்விடும். ஒன்று, எழுத்தில் 15 நாள் நோட்டீஸ் கொடுக்காமல் பணம் கட்டாததற்காக ஃபியூஸைப் பிடுங்கக் கூடாது. நம் ஊரில் அட்டையில் ரீடிங்கும் தொகையும் எழுதுவதையே நோட்டீசாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால், ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாளைக்குள் கட்டிவிடுவது வழக்கம். அட்டையில் எழுதச் சொல்லி நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது விஷயம் பலருக்குத் தெரியாது. தொகை தப்பு என்று நினைத்தால், "ஆட்சேபணையோடு கட்டுகிறேன்" என்று எழுதிக்கொடுத்து அந்தத் தொகையைக் கட்டலாம். அவ்வளவு பணம் கையில் இல்லையென்றால் முந்திய 6 மாதத்தின் சராசரிக் கட்டணத்தைக் கட்டலாம். இதில் எந்தத் தொகை குறைவோ அதைக் கட்டினால் போதும். தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. 56-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்லுகிறது. மூன்றாவது, பழைய பாக்கி. ஒரு பாக்கியை முதலில் கட்டவேண்டிய தேதியிலிருந்து 2 வருடம் தாண்டிவிட்டால், இடையில் தொடர்ந்து பாக்கி என்று காட்டிக்கொண்டு வந்திருந்தால் ஒழிய, அதைச் சொல்லி இணைப்பைத் துண்டிக்க முடியாது.

புகாரை முதலில் பிரிவு அலுவலகத்தில் கொடுங்கள், அல்லது 94987 94987 என்ற மின்னகம் எண்ணில் சொல்லிப் புகார் எண்ணை வாங்குங்கள். தீரவில்லையா? ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. மன்றத்தின் தலைவர் இ.பி. அதிகாரிதான். மாமியார் மேல் உள்ள குறையை மாமனாரிடம் சொல்வது மாதிரி இருக்கிறதே என்று நீங்கள் நினைத்தால் தப்பில்லை, நாங்களும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனாலும் இந்தப் படியைத் தாண்டிப் போகமுடியாது. மன்றம் எழுத்தில் உத்தரவு போடவேண்டும், உள்ளே வெளியாட்களும் உறுப்பினர்களாக உண்டு. உத்தரவு பிடிக்கவில்லை என்றால் 30 நாளைக்குள் சென்னையில் உள்ள மின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அவரை நியமிப்பது இ.பி. அல்ல, ஆணையம். 126, 135 பிரிவு வழக்குகளை மட்டும் மன்றம் எடுக்காது.

சேவை தாமதமானால் இ.பி. நமக்குப் பணம் தரவேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. 2004-ல் ஆணையம் போட்ட விதியில், புது இணைப்பு கொடுக்கக் குறித்த நாளைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் 1000 ரூபாய் வரைக்கும் நஷ்டஈடு என்று எழுதினார்கள். தொகை சின்னதுதான். கேட்டு வாங்கின ஒருவரையாவது எங்களுக்குக் காட்டுங்கள் பார்ப்போம்.

போனுக்கு வேறு கதை

கரண்டைப் பற்றி மாநிலமும் சட்டம் போடலாம், மத்திய அரசும் போடலாம். போன் முழுக்க மத்திய அரசின் பொறுப்பு. அதற்கு டெல்லியில் 1997-ல் டிராய் என்ற ஆணையம் அமைந்தது. செல்போன் வந்த புதிதில் வருகிற காலுக்கும் காசு போகும், நினைவிருக்கிறதா? 2003-ல்தான் அது நின்றது. போனில் ஒரே போஸ்ட்மரம் என்ற பிரச்சினை இல்லை, கம்பெனிகள் பல. ஆகவே போட்டியே விலையைக் குறைத்துவிடும் என்று சொல்லி, செல்போன் கட்டணத்தைக் கம்பெனிகளே வைத்துக்கொள்ள டிராய் விட்டுவிட்டது. பத்துப் பன்னிரண்டு கம்பெனிகள் இருந்தவரை அது சரியாகத்தான் நடந்தது. இப்போது தனியார் மூன்று, அரசு கம்பெனி ஒன்று என்று சுருங்கிவிட்டது. 2024 ஜூலையில் தனியார் மூவரும் ஒரே சமயத்தில் ரீசார்ஜ் விலையை ஏற்றினார்கள். கரண்டுக்கு நடந்த மாதிரி மனுவும் இல்லை, மதுரையில் கூட்டமும் இல்லை. கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. போட்டி குறையும் இடத்தில் நடு ஆள் கொஞ்சம் எழுந்து நிற்கவேண்டும் என்பது எங்கள் கருத்து.

டிராய் சில நல்லதும் செய்திருக்கிறது. பட்டன் போன் வைத்திருக்கிற நம் பெண்கள் நெட் வேண்டாமலே நெட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.சுக்கும் மட்டும் தனி ரீசார்ஜ் கொடுக்கவேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி போட்டது. 2025 ஜனவரியில் கம்பெனிகள் கொண்டுவந்தன. கடைக்காரர் தானாக எடுத்துச் சொல்லமாட்டார், "பேசறதுக்கு மட்டும் உள்ளது போடுங்க" என்று நாம்தான் கேட்கவேண்டும். கேட்காமலே பாட்டு வைத்துப் பணம் பிடித்தால் 155223-க்குப் போன் செய்து நிறுத்தலாம். மற்ற புகாருக்கு 198. புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். அந்தப் பதில் சரியில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். தனி ஆளின் புகாரை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. ஆனால் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குக்கு அங்கே கட்டணமும் கிடையாது.

அடுத்த மனுவுக்கு முன்னால்

மறுபடியும் கரண்டுக்கு வருவோம். 2022-ல் போட்ட ஆணையின் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. அதற்கு அடுத்த காலத்துக்கு விலை வைக்க வேண்டுமென்றால் புது மனு, பேப்பரில் விளம்பரம், ஆட்சேபணை என்று எல்லாம் நடந்தாகவேண்டும். ஆணையத்துக்கு யோசனை சொல்ல ஒரு ஆலோசனைக் குழு உண்டு, 21 பேர் வரை இருக்கலாம். வணிகம், தொழில், விவசாயம், தொழிலாளர், நுகர்வோர், தொண்டு நிறுவனம் என்று சட்டத்தில் வரிசையாக எழுதியிருக்கிறார்கள். பெண்கள் என்று தனியாக இல்லை. இருந்தாலும் நுகர்வோர் என்கிற சொல்லுக்குள் நாமும்தான் இருக்கிறோம்.

ஆட்சேபணைக் கடிதம் எழுதுவது பெரிய வித்தை இல்லை. ஆணையத்தின் செயலாளருக்கு என்று எழுதி, மனுவின் எண்ணைப் போட்டு, கடிதம் கொடுப்பவரின் பெயர், முகவரி, மின் இணைப்பு எண் எழுதவேண்டும். "ஏற்றாதீர்கள்" என்று மட்டும் எழுதினால் அதற்கு மதிப்பில்லை. காரணம் வேண்டும். எங்கள் ஊரில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் லோ வோல்டேஜ், கிரைண்டர் சுத்த மாட்டேன் என்கிறது, முழு விலை எதற்கு? வீட்டில் ஒரு மிஷின் வைத்துத் தைக்கிற பெண்ணுக்கு எந்த விலை என்று தெளிவாக எழுதுங்கள். 500-லிருந்து 501-க்கு ஏறினால் இப்படித் தாவுவது ஏன்? இந்த மாதிரி, நம் வாழ்க்கையிலிருந்து நாலு வரி போதும். தமிழிலேயே எழுதலாம். பொதுக் கூட்டத்தில் பேசவேண்டும் என்றால் அதையும் கடிதத்தில் கேளுங்கள்.

இதற்கு ஆதாரம் சேர்க்க இன்றைக்கே ஆரம்பிக்கவேண்டும். ஒவ்வொரு குழுவும் நடவடிக்கைப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு கோடு போட்டு, உறுப்பினர் பெயர், ரீடிங் எடுத்த தேதி, யூனிட், கட்டிய பணம் என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எழுதி வையுங்கள். கரண்ட் எத்தனை நாள், எத்தனை மணி நேரம் நின்றது என்பதற்கும் ஒரு பத்தி விடுங்கள். ஊக்குநர்கள் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு வாருங்கள். வெள்ளை அட்டை தொலைந்தவர்கள் பெயரையும் தனியாக எழுதிக் கொடுங்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே நாளில் பிரிவு அலுவலகத்துக்குப் போய் புது அட்டை கேட்டு வாங்கிவிடலாம்.